அருவிக்கு அறிவிப்பு உண்டு, புகைக்கு?

குற்றாலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சாரல், பேரருவி, எண்ணெய் மசாஜ், மங்குஸ்தான், பார்டர் பரோட்டா. நான் தென்காசி என்று சொன்னதும் வகுப்பில் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "சீசன் எப்படிடே இருக்கு?" என்பதுதான். ஆனி, ஆடி இரண்டு மாதம் எங்கள் ஊர் எல்லோருக்கும் சொந்தம். மிச்சப் பத்து மாதம் எங்களுக்கு மட்டும். அந்தப் பத்து மாதத்துக்குள் இன்னொரு சீசன் இருக்கிறது. மாசி பாதியில் தொடங்கி சித்திரை முடிய ஓடும். அதற்கு யாரும் ரூம் போட்டு வருவதில்லை. தீ சீசன்.

எங்கள் பக்கத்து மலையில் எங்காவது ஓர் இடத்தில் தீ தெரியாத கோடையை நான் பார்த்ததாக நினைவில்லை. பகலில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, மேகம் இறங்கின மாதிரி ஒரு வெள்ளைப் புகை. ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால்தான் தெரியும், மலையின் இடுப்பில் சிவப்பாக ஒரு கோடு. தெருவே மாடியில் நிற்கும். செல்போனில் படம் எடுப்பார்கள். சின்னப் பிள்ளைகள் "மலைக்கு மாலை போட்டிருக்கு" என்று கத்தும். அழகாகத்தான் இருக்கும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அரை மணி நேரம் கழித்துக் கண் எரிய ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் கீழே இறங்குவார்கள்.

இறங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். எந்த இடத்தில் எரிகிறது? பெரிசா, சின்னதா? கீழே தோப்பு வரைக்கும் வருமா? நாளைக்கும் இந்தப் புகை இருக்குமா? இதற்குப் பதில் சொல்ல ஊரில் ஆளே கிடையாது. டீக்கடை அண்ணாச்சி ஒன்று சொல்வார், வாட்ஸ்அப்பில் வரும் ஆடியோ வேறொன்று சொல்லும். மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும்: வனத்துறையினர் தீயை அணைக்கும் பணியில் தீவிரமாக ஈடுபட்டுள்ளனர். வதந்தி காட்டுத்தீ போலப் பரவியது என்று எழுதுவார்கள் இல்லையா, எங்கள் ஊரில் காட்டுத்தீயைப் பற்றின வதந்தி காட்டுத்தீயை விட வேகமாகப் பரவும் :-)

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மலை எரிவதை ஒரே நாளில் யாராலும் நிறுத்த முடியாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அடிவாரத்தில் இருக்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்று சொல்வது முடியாத காரியமே இல்லை. அதை இன்னும் நாம் கேட்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

முதலில் தீ பற்றிக் கொஞ்சம். "குற்றாலம் பச்சைப்பசேல்னு இருக்குமே, அது எப்படி எரியும்?" என்று சென்னை நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. சாரல் மாதத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அருவிகள் பிறக்கிற மேல்மலையில் பசுமைமாறாக் காடு இருக்கிறது, அங்கே ஈரம் இருக்கும். அதற்குக் கீழே எங்கள் ஊரைப் பார்த்து நிற்கிற கிழக்குச் சரிவு வேறு மாதிரி. இலையுதிர் மரங்களும் ஆள் உயரப் புல்லும்தான் அதிகம். தை, மாசியில் இலை எல்லாம் கொட்டிவிடும், புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். அங்கே பற்றுகிற தீ பெரும்பாலும் தரையோடு சருகிலும் புல்லிலும் ஓடுகிற தீ. சினிமாவில் வருகிற மாதிரி மரத்துக்கு மரம் தாவுகிற தீ இல்லை. ஆனால் அதற்கும் மேட்டைக் கண்டால் வெறி வந்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. காய்ந்த புல், செங்குத்தான சரிவு, கணவாய்க் காற்று மூன்றும் எங்களிடம் ஒன்றாக இருக்கின்றன.

நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதனால்தான் வருகிறது. இடி விழுந்து பற்றுவது குறைவு. பீடித் துண்டு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கிற தீ, காட்டோரத் தோட்டத்தில் சருகைக் கொளுத்தி அணைக்காமல் வீட்டுக்குப் போவது, இப்படி. இது எங்கள் ஊர் நோய் மட்டும் இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் நாட்டின் காடுகளில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் அபாயத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தது.

அடுத்த கேள்வி, "தீயணைப்பு வண்டி என்ன செய்யுது?" அடிவாரத்தில் நிற்கும், வேறென்ன செய்யும்? ரோடு இல்லாத மலையில் ஹோஸ் பைப் எப்படிப் போகும்? ஏறிப் போகிறவர்கள் வனக்காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும்தான். கையில் பச்சைக் கொப்பு, அரிவாள், தண்ணீர் பாட்டில். கொப்பை ஒடித்துத் தீயை அடித்தே அணைக்கிறார்கள். அல்லது தீக்கு முன்னால் போய்ச் சருகைக் கூட்டித் தள்ளிக் கோடு போடுகிறார்கள், சில நேரம் எதிர்த்தீ வைக்கிறார்கள். காற்றுத் திசை மாறினால் அவர்கள் கதி என்ன என்று யோசித்தால் மாடியில் நின்று படம் எடுக்கக் கை வராது. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காய்ந்த புல்வெளியில் தீக்குள் மாட்டிக்கொண்டன. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, விசாரணை நடந்தது, அதே வருடம் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. யார் அனுமதி தருவது, யார் கூட்டிப்போவது என்றெல்லாம் எழுதினார்கள். தேவைதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்த விதி எல்லாம் மலைக்கு மேலே போகிறவனைப் பற்றியது. மலைக்குக் கீழேயே பிறந்து அங்கேயே மூச்சு விடுகிறவனைப் பற்றி ஒரு வரி எழுதுகிற அளவுக்கு நாங்கள் இன்னும் செத்துக் காட்டவில்லை போல.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ? இருக்கட்டும். ஏனென்றால் தீயை விடப் புகை அதிகம் பேரைக் கொல்லும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கம் எரிந்ததே, அதில் தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அந்தப் புகையால் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் 417 இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். எங்கள் மலைத்தீயை அதோடு ஒப்பிட முடியாது, அது பல மடங்கு பெரிது. ஆனால் விகிதத்தைப் பாருங்கள். தீ எரிகிற இடத்தில்தான் சாவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆஸ்துமாக்காரனும் இதய நோயாளியும் பத்திருபது மைல் தள்ளி, வீட்டுக்குள், ஒரு வாரம் கழித்துச் சாகிறார்கள். அதைக் காட்டுத்தீக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

புகையில் ஆபத்தானது கண்ணுக்குத் தெரிகிற கரித்தூள் இல்லை. 2.5 மைக்ரானுக்குக் கீழே இருக்கிற நுண்துகள். தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு முடி, சளி எதிலும் மாட்டாமல் நுரையீரலின் அடி வரை போய்விடும். ஒரு நாள் சராசரி ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. தென்காசியில் மாசி மாதத்து ராத்திரி எவ்வளவு இருக்கும்? திருநெல்வேலி மாநகராட்சி அலுவலகத்தில் காற்றின் தரம் அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், தாமிரபரணிக் கரையில் அளந்த எண்ணை வைத்து நான் குற்றாலம் ரோட்டில் என்ன செய்வது?

இன்னொரு விஷயம், இது எங்கள் வீட்டில் அனுபவத்தில் பார்த்தது, காரணத்தைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பகலில் வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேல்நோக்கிப் போகும். ராத்திரி மலை குளிர்ந்ததும் அதே காற்று கீழே இறங்கும். குளிர்ந்த காற்று அடிவாரத்தில் தேங்கும்போது புகையும் அதோடு தேங்கிவிடும். அதனால்தான் சாயங்காலம் "பரவாயில்லையே, புகை குறைஞ்சிடுச்சு" என்று படுத்தால் விடியற்காலை நாலு மணிக்குத் தொண்டை எரிந்து எழுந்திருக்கிறோம். சுகருக்காக அஞ்சு மணிக்கு வாக்கிங் போகிற அண்ணாச்சிமாரெல்லாம் ஒரு நாளில் மிக மோசமான காற்று இருக்கிற நேரம் பார்த்து நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு வருகிறார்கள். தீ தெரிகிற வாரத்தில் காலை எட்டு மணிக்கு மேல் நடங்கள் என்று ஒருவர் சொன்னால் போதும். சொல்ல ஆள் இல்லை.

எங்கள் ஆச்சிக்கு இளைப்பு. எழுபத்தெட்டு வயசு. தீ சீசனில் தினமும் ராத்திரி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஏலே, இன்னைக்கு எங்கிட்டு எரியுது?" நான் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏதோ சொல்வேன். ஒரு நாள் ஆச்சி சொன்னாள், "மலை எரியறதுகூட இல்லடா, எப்ப அணையும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கானே. ரெண்டு நாள்ல அணையும்னா பல்லைக் கடிச்சிட்டு இருந்துக்கிடுவேன். ஒரு வாரம் ஆகும்னா சங்கரங்கோயில்ல உங்க அத்தை வீட்டுக்குப் போயிருவேன்." பொருளாதார வகுப்பில் முடிவெடுத்தல், நிச்சயமின்மை என்று மூன்று யூனிட் நடத்தினார்கள். ஆச்சி ரெண்டு வரியில் முடித்துவிட்டாள். போன பங்குனியில் போவதா வேண்டாமா என்று நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்து, அஞ்சாவது நாள் ராத்திரி ஆட்டோ பிடித்து நெபுலைசர் வைக்க ஓடினோம். விவரம் கேட்டு முந்தின நாளே ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டிருந்தேன். "தீ கட்டுக்குள் இருக்கு" என்றார்கள். எந்தக் கட்டு, எவ்வளவு பெரிய கட்டு என்று கேட்பதற்குள் போன் கட்.

இணையத்தில் தேடினால் நிறைய யோசனை கிடைக்கும். ஜன்னலைச் சாத்து, ஏசி போடு, ஏர் ப்யூரிபையர் வை. எழுதினவர் கனடாவிலோ கலிபோர்னியாவிலோ இருப்பார். எங்கள் வீடு ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அணில் குடும்பமே போய்வருகிறது, இதில் எந்த ஜன்னலைச் சாத்த? சாத்தினாலும் பங்குனி வெயிலில் உள்ளே வெந்து போவோம். அதனால் நாங்களாகவே சில வழக்கம் வைத்திருக்கிறோம். பட்டாசலை விட்டுவிட்டு ஓடு இல்லாத, மேலே காங்கிரீட் போட்ட ஒரே அறையில் ஆச்சியைப் படுக்கவைப்போம். கதவு இடுக்கில் துணி. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. அந்த வாரம் கொசுவர்த்தி, சாம்பிராணி இரண்டும் கிடையாது. இருக்கிற புகை போதாதென்று நாமும் போட வேண்டாம் பாருங்கள். கொரோனாவில் வாங்கின என்-95 மாஸ்க் மிச்சம் இருந்தால் மூக்கில் இடைவெளி இல்லாமல் போடுங்கள், அது நிஜமாகவே நுண்துகளைத் தடுக்கும். ஈரக் கர்ச்சீப் கட்டுவது மனசுக்கு ஆறுதல், நுரையீரலுக்கு இல்லை. இன்ஹேலர் தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே இன்னொன்று வாங்கி வைத்துவிட வேண்டும்.

இனி முக்கியமான இடம். இதே ஊரில், இதே மலையிலிருந்து வருகிற தண்ணீருக்கு நாம் என்ன செய்கிறோம்? சீசன் நேரத்தில் காலையில் எழுந்தால் எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். பேரருவியில் ஆர்ச்சைத் தொட்டுக் கொட்டுகிறது, ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர், பழைய குற்றாலத்தில் குளிக்கத் தடை, தடை விலக்கம். டீவியில் வரும், பேப்பரில் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் போய்விட்டான். அதற்குப் பிறகு மேலே மழை என்று தெரிந்தாலே உடனே தடை போடுகிறார்கள். மழைக்குப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திலிருந்து தமிழிலேயே எஸ்எம்எஸ் வருகிறது. ஆக, மலையைப் பார்த்து ஊருக்குச் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. ஆனி, ஆடியில் தினமும் செய்வதை மாசி, பங்குனியில் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சு வரி. எந்தச் சரிவில் எரிகிறது, நேற்றை விடக் கூடியிருக்கிறதா, ராத்திரி புகை எந்தப் பக்கம் இறங்கலாம், எந்த ஊர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அடுத்த தகவல் எப்போது. கடைசி வரி ரொம்ப முக்கியம். "எங்களுக்கே இன்னும் தெரியவில்லை, காலை எட்டு மணிக்குச் சொல்கிறோம்" என்றால்கூட ஆச்சி தூங்கிவிடுவாள்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு மூன்றே படிதான் வைத்திருக்கிறார்கள். தெரிந்துகொள், கவனித்துத் தயாராகு, உயிருக்கு ஆபத்து. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. 2023-ல் கனடா எரிந்தபோது டொராண்டோவில் இருக்கும் நம் ஈழத் தமிழர்கள் பிள்ளையை வெளியே விளையாட விடலாமா என்பதை ஒரு எண்ணைப் பார்த்து முடிவு செய்தார்கள். அங்கே காற்றின் தரத்தை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணாகப் போட்டுச் சொல்வார்கள், பத்துக்கு மேல் போனால் மிக அபாயம். புகை அவர்களுக்கும் இருந்தது. ஆனால் அடுத்த நாளைப் பற்றி ஒரு துப்பு இருந்தது.

தகவல் இல்லாமலா இருக்கிறது? வன ஆய்வு நிறுவனம் 2004-லிருந்தே செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தீ இருக்கும் இடத்தை வனத்துறைக்குச் சொல்லிவருகிறது. இப்போது 375 மீட்டர் கட்டத்துக்கு ஒரு புள்ளி என்கிற அளவுக்குத் துல்லியமாக, பதிவு செய்துகொண்டவர் செல்போனுக்கே வருகிறது. அந்தப் புள்ளியைத் தமிழாக்கி ஊருக்குச் சொல்வதுதான் பாக்கி.

"சொன்னா பீதி கிளம்பும், சீசன் கெட்டுரும்" என்பார்கள். கடைக்காரர்கள் கவலை எனக்குப் புரியும். என் நண்பர்கள் பாதிப்பேர் வீட்டில் சீசன் கடைதான், வருசச் சம்பாத்தியம் அந்த மூன்று மாதத்தில். ஆனால் மார்ச்சில் எரிகிற தீயைச் சொன்னதற்காக ஜூலையில் வருகிறவன் வராமல் போவானா? குளிக்கத் தடை என்று தினமும் சொல்கிறோமே, கூட்டம் குறைந்தா போச்சு? சீசனைக் கெடுப்பது தீ பற்றின செய்தி இல்லை, தீதான். கருகின சரிவில் முதல் கோடை மழை விழுந்தால் மண்ணும் சாம்பலும் சேர்ந்து ஓடைக்குத்தான் வரும்.

எல்லாத் தீயும் கெட்டதா என்று கேட்டால், அதிலும் நமக்குத் தெரியாதது நிறைய. கர்நாடகாவில் பிளிகிரி ரங்கன மலையில் சோளிகர் என்ற பழங்குடிகள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகை மெல்லிய தீயாக எரித்துவிடுவார்களாம். 1974-ல் அது சரணாலயமான பிறகு அந்தப் பழக்கம் நின்றது. உன்னிச்செடி காடு முழுக்க மண்டினதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அந்த மக்கள் சொல்வதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்காக நாளைக்கே நாம் தீப்பெட்டியோடு கிளம்பிவிட முடியாது. எங்கள் மலைக்கு எது சரி என்று படித்தவர்களும் காட்டில் வாழ்கிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும்.

கடைசியாக ஒரு பி.காம். புத்தி. கணக்குப்பதிவியலில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று படித்தோமே, பரீட்சைக்கு எட்டு மார்க் கேள்வியாக வருமே, அதுதான். எந்தக் கடன்காரன் ஏமாற்றுவான் என்று கடைக்காரருக்குத் தெரியாது. ஆனால் வருசா வருசம் யாரோ நாலு பேர் ஏமாற்றுவார்கள் என்று தெரியும். அதனால் ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிடுவார். எங்கள் மலைத்தீயும் அதே மாதிரிதான். எந்தத் தேதி, எந்தச் சரிவு என்று தெரியாது. ஆனால் வரும். அப்படி இருக்க, ஒவ்வொரு வருசமும் இதை எதிர்பாராத நட்டம் என்று எழுதிக்கொண்டிருப்பது என்ன கணக்கு? தை மாதமே ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்ஹேலரும் நெபுலைசர் மருந்தும் கூடுதலாக வந்து இறங்க வேண்டும். ஏறிப் போகிற காவலர்களுக்கு நல்ல மாஸ்க்கும் பூட்ஸும் தீக்கு முன்னால் வர வேண்டும். தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டமாகிவிட்டது, அடிவாரத்தில் காற்று அளக்க ஒரு கருவி கேட்பது பேராசையா?

அதுவரை நாமே பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாசாவின் ஃபர்ம்ஸ் என்ற இணையதளத்தில் வரைபடத்தைத் தென்காசிக்கு மேற்கே பெரிதாக்கிப் பாருங்கள். தீ இருக்கும் இடம் சிவப்புப் புள்ளியாக வரும், காசு கிடையாது. இரண்டு எச்சரிக்கை. அந்தப் புள்ளி சில மணி நேரம் பழசாக இருக்கும். மரத்தடியில் ஓடுகிற சின்னத் தீ விட்டுப்போகலாம், வயலில் எரிக்கிற தட்டை புள்ளியாகத் தெரியலாம். அதனால் புள்ளியைப் பார்த்ததும் குரூப்பில் "தீ தீ" என்று போட்டுவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் வனத்துறைக்கோ, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கோ சொல்லுங்கள்.

வருகிற மாசியிலிருந்து தினமும் சாயங்காலம் நான் பார்த்ததை அஞ்சு வரியாக எங்கள் வகுப்பு குரூப்பில் போடப் போகிறேன். எங்கே தெரிகிறது, புகை எந்தப் பக்கம் என்று. மேலகரம், இலஞ்சி, வல்லம், வடகரை, மேக்கரை பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் மாடியிலிருந்து தெரிவதை ஆறு மணிக்குள் எழுதி அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன். ஆடியோ வேண்டாம்.